சைக்கிள் மெக்கானிக் வேலையை முறையாகக் கற்க வேண்டும்: சேலத்தில் யாரிடம், எந்தச் சான்றோடு?

ஏற்காட்டு ஏற்றம் | ஞாயிறு, இரவு 9.12

நண்பர்களுக்கு வணக்கம். இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

நானும் அண்ணன் மகனும் ஐந்தரை மணிக்கு அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு எட்டரை மணிக்கு இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். என் முன் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. விட்டால் திரும்பவும் இல்லை. பின் பிரேக்கை மட்டும் பிடித்து, மலைப்பக்கத்து மண்ணில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினேன். முழங்கையில் தோல் போனதோடு தப்பித்தேன். அந்த வளைவில் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

போன மாதம் நகரில் ஒரு கடையில் அந்த டிஸ்க் பிரேக்குக்கு ஆயில் மாற்றியிருந்தேன். மாலையில் அங்கே போய் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் பாட்டிலையே எடுத்துக் காட்டினார். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் திரவம். என் பிரேக் மினரல் ஆயிலுக்கானது. மாற்றி ஊற்றியதில் ரப்பர் சீல் ஊறிப் பருத்துக் கசியத் தொடங்கியிருக்கிறது. அவர் ஏமாற்றவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று மனதார நம்பியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. பணத்தைத் திருப்பித் தந்தார், நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

இனி கேள்வி. அண்ணன் மகனுக்கு வயது 19. ஐடிஐயில் ஃபிட்டர் முடித்திருக்கிறான். சைக்கிள் மெக்கானிக் ஆக வேண்டும் என்கிறான். மோட்டார் சைக்கிள் வேண்டாம், காரும் வேண்டாம், சைக்கிள்தான் வேண்டுமாம். "பஞ்சர் ஒட்டவா உன்னை ஐடிஐக்கு அனுப்பினேன்" என்று அண்ணன் கோபப்படுகிறார். இன்றைய சம்பவத்துக்குப் பிறகு நான் பையன் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் அவன் எங்கே போய்க் கற்பான்? கற்றான் என்று யார் சான்று தருவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு | ஞாயிறு, இரவு 9.40

அண்ணா, உயிர் பிழைத்தீர்கள், அதுவே பெரிது. முழங்கையை நன்றாகக் கழுவி மருந்து போடுங்கள், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். சான்றிதழ் இல்லாதவர் கையில் இனி என் சைக்கிளைக் கொடுக்க மாட்டேன். தொண்ணூறாயிரம் ரூபாய் போட்டு வாங்கியது. போன வருடம் ஒரு பழைய கடையில் ஹேண்டில்பாரை நேராக்கச் சொன்னேன். நீளமான ஸ்பானரைப் போட்டு, முழு பலத்தோடு முறுக்கினார். கார்பன் பாரில் கீறல் விழுந்தது. பிரிட்டனில் சைடெக் என்ற அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. சைக்கிள் வணிகர்கள் சங்கத்தின் பின்புலத்தில் நடக்கிறது. படிப்படியாக நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் செய்து காட்டித் தேற வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் கடைகள் எந்த நிலை முடித்திருக்கிறாய் என்று கேட்கின்றன. நம் ஊரில் அப்படி ஒன்று வரும்வரை பழைய கடைகளைத் தவிர்ப்பதே நல்லது.

பேட்டைக் கடைக்காரர் | திங்கள், காலை 6.05

செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். என் மகள் இந்த இழையைக் காட்டினாள். இரவு முழுவதும் மனம் ஆறவில்லை. அதனால் கடை திறப்பதற்கு முன்பே எழுதுகிறேன்.

ஐந்து ரோடு தம்பி, உங்கள் ஹேண்டில்பார் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் "பழைய கடைகளைத் தவிர்ப்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பழைய கடையில் இருப்பவர் எப்படிக் கற்றார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் 1983இல் என் மேஸ்திரியிடம் சேர்ந்தேன். அப்போது வாடகைச் சைக்கிள் காலம். எங்கள் கடையில் மட்டும் இருபத்தெட்டு வண்டிகள், மட்கார்டில் வெள்ளை பெயின்டில் எண் போட்டிருக்கும். முதல் வருடம் எனக்குக் காற்றடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் மண்ணெண்ணெயில் செயின் கழுவுவதும்தான் வேலை. ஸ்பானரைத் தொட விடவில்லை. இரண்டாம் வருடம் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். அதன் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. அச்சை என் இரண்டு விரலில் கொடுத்துச் சுழற்றச் சொல்வார். மணல் போல் நறநறவென்று தெரிந்தால் இறுக்கம் அதிகம், ஆடினால் தளர்வு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது விரலுக்குத்தான் தெரியும். மூன்றாம் வருடம்தான் கோட்டம் எடுக்க, அதாவது வளைந்த சக்கரத்தை நேராக்க, விட்டார்.

அவர் எனக்கு வைத்த தேர்வையும் சொல்கிறேன். ஒரு நாள் மதியம் நாற்பது போக்ஸ் கம்பி உள்ள பின் சக்கரத்தில், கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள் எல்லாவற்றையும் தளர்த்தி என் முன்னால் போட்டார். கடை மூடுவதற்குள் நேராக வேண்டும். இப்போது விற்கும் கோட்டம் எடுக்கும் ஸ்டாண்ட் எல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை அதிலேயே மாட்டி, ரிம்முக்கு அருகில் சாக்பீஸ் பிடித்துச் சுழற்றுவோம். எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கு, இந்தப் பக்கம் கால் திருகு தளர்த்து. பக்கக் கோட்டம் போன பிறகு மேல் கீழ் ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டும். கடைசியில் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்ப்போம். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே ஒலி தர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. ஆறு மாதத்தில் பக்கத்துக் கம்பி அறுந்துவிடும்.

எனக்கு அன்று இரவு பத்தரை மணி ஆயிற்று. மேஸ்திரி வீட்டுக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். முடித்ததும் சக்கரத்தை ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நீ கடையைத் திற" என்று சாவியைத் தந்தார். எனக்குக் கிடைத்த சான்றிதழ் அந்தச் சாவி.

மரையும் திருகும் | திங்கள், காலை 7.30

கடைக்காரர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சாவி கொடுத்த அந்த மேஸ்திரி செய்ததுதான் தொழிற்பயிற்சியின் உயிர். சொல்லித் தருதல், கையால் செய்ய வைத்தல், நேரம் குறித்துத் தேர்வு வைத்தல், பொறுப்பை ஒப்படைத்தல், நான்கும் அதில் இருக்கின்றன. எழுத்து மட்டும் இல்லை.

ஏன் எழுத்து இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐடிஐக்களை நடத்தும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. அதில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று ஆலைக்குத் தேவையான தொழில்கள் முன்னால் வந்தன. நான் பணியாற்றிய காலம் முழுவதும் எங்கள் நிலையத்தில் மிதிவண்டிக்கென்று தனிப்பிரிவு இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் கடையில் கற்பதை அங்கீகரிக்கிறது. ஆனால் 2019 விதித் திருத்தத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம், 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு விருப்பம். நம் சைக்கிள் கடைகளில் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். கடைக்காரர் நாற்பது வருடத்தில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அங்கே ஒரு பழகுநர்கூட இருந்ததில்லை.

2023 செப்டம்பரில் பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது ஆவலோடு பட்டியலைப் பார்த்தேன். 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பூட்டுச் செய்பவர், படகு கட்டுபவர், மீன்வலை பின்னுபவர் எல்லோரும் இருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், குறைந்த வட்டிக் கடன் என்று நல்ல உதவிகள். சைக்கிள் பழுதுபார்ப்பவர் அந்தப் பதினெட்டில் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் இதற்குத் தனி எண்ணே இருக்கிறது, 7234. உலகம் இதைத் தனித்தொழிலாக எண்ணி வைத்திருக்கிறது.

ஏற்காட்டு ஏற்றம் தம்பிக்கு ஒரு கணக்கும் சொல்கிறேன், அண்ணனிடம் காட்டுங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைப்பதால் கணிசமான மிச்சம் ஒரு சாண் அகலம்கூட இல்லாத இரண்டு தகடுகளில் சூடாக இறங்குகிறது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் எந்தத் திரவம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு "பஞ்சர் ஒட்டுபவன்" என்ற பெயர் போதாது.

ஏற்காட்டு ஏற்றம் | திங்கள், காலை 8.15

ஐயா, இந்தக் கணக்கை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

ஐந்து ரோடு | திங்கள், காலை 10.20

கடைக்கார அண்ணா, என் வார்த்தை உங்களைப் புண்படுத்தியதற்கு மன்னியுங்கள். நான் கடையைப் பழையது என்று சொன்னேனே தவிர உங்கள் கையைச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. விரலுக்குத் தெரியும் என்கிறீர்கள். இரும்புச் சைக்கிளில் விரல் நாற்பது வருடம் பழகியது. கார்பனில் பழகவில்லையே? அதற்கு எண் வேண்டுமே?

பேட்டைக் கடைக்காரர் | திங்கள், மதியம் 2.10

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. நீங்கள் கேட்டது நியாயம். இரும்பு அதிகம் இறுக்கினால் கையிடம் முன்கூட்டியே சொல்லும். கார்பன் உடைந்த பிறகுதான் சொல்லும். முதல் கார்பன் சைக்கிள் என் கடைக்கு வந்தபோது தெரியாது என்று திருப்பி அனுப்பினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதன் பிறகு இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டின் பக்கத்திலேயே "5" என்று பொறித்திருப்பதை மகள்தான் காட்டி, அது நியூட்டன் மீட்டர் என்று படித்துச் சொன்னாள். இன்று வரை எனக்கு அந்தப் பாடத்தை எடுத்த ஆசிரியர் அவள் ஒருத்திதான்.

என் வருத்தம் இதுதான். டிஸ்க் பிரேக்கும், பின் சக்கரத்தில் பதினொரு பல்சக்கரம் கொண்ட கேசட்டும், சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் எங்கள் கடைகளுக்கு வந்துவிட்டன. அவற்றைச் சொல்லித் தர ஒருவரும் வரவில்லை. தமிழில் ஒரு புத்தகம்கூட என் கையில் கிடைக்கவில்லை. வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினால் வாடிக்கை போகும், கை வைத்தால் இந்தத் தம்பிக்கு நேர்ந்தது நேரும். அந்த டாட் திரவம் ஊற்றியவரின் நிலை எனக்குப் புரிகிறது.

ரைன் கரை | திங்கள், மாலை 6.45

அம்மாப்பேட்டையில் பிறந்து ஜெர்மனியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். என் வீட்டுக்குக் கீழே ஒரு சைக்கிள் பட்டறை. அங்கே பழகுநராக இருக்கும் இளைஞனிடம் அடிக்கடி பேசுவேன், அதனால் இதை எழுத முடிகிறது.

இங்கே இந்தத் தொழிலுக்கு ஸ்வைராட்மெகட்ரோனிக்கர் என்று பெயர். அதில் சைக்கிள் ஒரு தனிப்பிரிவு, மோட்டார் சைக்கிள் இன்னொன்று. மூன்றரை ஆண்டுப் பயிற்சி. பட்டறையில் வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில் பாடம், இரண்டும் ஒரே காலத்தில் நடக்கின்றன. முதல் மாதத்திலிருந்தே ஊதியம் உண்டு. தேர்வு இரண்டு கட்டம். மின்சார சைக்கிள் வந்த பிறகு மின்னணுவியல் பாடமும் பெரிதாகிவிட்டது. தொழிலின் பெயரில் "மெகட்ரோனிக்கர்" என்ற சொல் 2014இல் சேர்ந்ததும் அந்த மாற்றத்தால்தான். இரண்டே ஆண்டில் முடியும் எளிய பயிற்சியும் தனியாக இருக்கிறது.

அதற்கு மேல் ஒரு படி உண்டு. சொந்தமாகப் பட்டறை திறக்க வேண்டும் என்றால் பொதுவாக மைஸ்டர் தேர்வில் தேறியவர் வேண்டும். நம் "மேஸ்திரி"தான் அவர், காகிதத்தோடு. பழகுநரை வைத்துக்கொள்ளவும் பொதுவாக அவருக்குத்தான் உரிமை.

பேட்டைக் கடைக்காரர் | திங்கள், இரவு 8.30

நல்ல ஏற்பாடு. ஆனால் கடை திறக்கவே தேர்வு எழுத வேண்டும் என்ற விதி நாளைக்கே இங்கே வந்தால், பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் கடைகள் மூடிவிடும். எங்களில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஒருவர் கையெழுத்து மட்டும் போடுவார், ஆனால் சேலத்தில் அவரைப் போல் பிரேம் ஒட்டுப்போட ஆள் கிடையாது. அவருக்குக் கேள்வித்தாளைக் கொடுத்தால் என்ன செய்வார்?

நகோயா நினைவுகள் | திங்கள், இரவு 9.55

உங்கள் கேள்விக்கு ஜப்பானில் நான் பார்த்த ஒன்று பதிலாகலாம் ஐயா. ஆறு ஆண்டுகள் நகோயாவில் வேலை பார்த்தேன். சைக்கிளில்தான் ரயில் நிலையத்துக்குப் போவேன்.

அங்கே கடை திறக்கச் சான்று கட்டாயம் இல்லை. ஆனால் மிதிவண்டிப் பாதுகாப்புப் பராமரிப்பாளர் என்று ஒரு தகுதி இருக்கிறது. தேர்வில் எழுத்தோடு செய்முறையும் நேர்காணலும் உண்டு. நேர வரம்புக்குள் சைக்கிளைப் பிரித்துப் பூட்டி, சக்கரம் கட்டிக் காட்ட வேண்டும். எழுதுவதற்கே இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். அந்தத் தகுதி உள்ளவர் இருக்கும் கடையில் சைக்கிளைப் பரிசோதித்தால் டிஎஸ் குறி என்ற ஒட்டுவில்லையை பிரேமில் ஒட்டித் தருவார்கள். பரிசோதித்த தேதி அதில் இருக்கும். ஓராண்டு செல்லும். அந்த வில்லையோடு விபத்துக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. நான் இருந்தபோது சிவப்பு வில்லையில் பிறருக்கு நேரும் சேதத்துக்கு 10 கோடி யென் வரை ஈடு இருந்தது.

எனக்குப் பிடித்தது அந்தத் தேதிதான். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் மெக்கானிக் ஒரு காலத்தில் கற்றார் என்று சொல்கிறது. வில்லையோ இந்த வண்டியை இந்த நாளில் இவர் பார்த்தார் என்று சொல்கிறது. மலை இறங்குகிறவருக்கு இரண்டாவதுதான் தேவை.

மரையும் திருகும் | செவ்வாய், காலை 6.50

இது யோசிக்க வைக்கிறது. தேர்வு என்றதும் நாம் கேள்வித்தாளை நினைத்துவிடுகிறோம். கேள்வித்தாள் இல்லாமலே ஒரு மெக்கானிக்கைச் சோதிக்கலாம்.

நான் தேர்வாளராக இருந்தால் இப்படி வைப்பேன். வலப் பெடலையும் இடப் பெடலையும் ஒரே பெட்டியில் கலந்து கொடுப்பேன். இடப் பெடலுக்கு இடது மரை. தெரியாதவர் வலுக்கட்டாயமாகத் திருகிக் கிராங்கின் மரையைக் கெடுப்பார். பிறகு ஒரு பழைய செயினையும் இரும்பு ஸ்கேலையும் கொடுப்பேன். செயினின் ஊசிக்கு ஊசி இடைவெளி அரை அங்குலம். புதிதாக இருந்தால் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் கேசட்டின் பற்களையும் அது தின்றிருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். இதற்கு எழுதப் படிக்க வேண்டியதில்லை, ஸ்கேல் பார்க்கத் தெரிந்தால் போதும். அடுத்து இரண்டு பாட்டில், இரண்டு பிரேக். எது எதற்கு என்று எடுத்து வைக்க வேண்டும். லீவர் மூடியிலேயே பொறித்திருக்கும். பார்க்காமல் ஊற்றினால் அங்கேயே தோல்வி, மற்றதில் எவ்வளவு எடுத்திருந்தாலும்.

கடைசியில் நம் கடைக்காரரின் மேஸ்திரி வைத்த சக்கரம். அதை மதிப்பிடக் கடைக்காரரே தேர்வாளராக உட்கார வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

முன் அனுபவத்தால் பெற்ற திறனை அங்கீகரிக்கும் ஏற்பாடு 2015இல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. நாற்பது வருடம் வேலை செய்தவரைப் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார வைக்காமல், தெரிந்ததைச் சோதித்துச் சான்று தரலாம் என்ற கருத்து அரசுக்குப் புதிதல்ல. கேட்கத்தான் ஆள் வேண்டும். நாம் ஒரு மனு எழுதுவோம், நான் வரைவு தயாரிக்கிறேன்.

மலைப்பள்ளி ஆசிரியை | செவ்வாய், மாலை 5.20

சேர்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை செய்கிறேன். எல்லோரும் நகரத்தைப் பற்றியே பேசுவதால் மலையிலிருந்தும் ஒரு வார்த்தை.

பதினோராம் வகுப்பில் எங்கள் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அது வந்த நாளில் அவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மலையின் மேற்பரப்பில் ஊர்களுக்கிடையே ஓரளவு சமதளமான சாலைகள் உண்டு, ஓட்டுகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மை உரசுகிறது. கேபிள் துருப்பிடித்து இழுக்க வரவில்லை. எங்கள் ஊரில் மெக்கானிக் கிடையாது. ஏற்காடு டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நாற்பது ரூபாய் பஞ்சருக்கு அப்பாவின் அரை நாள் கூலி போய்விடும். அதனால் வண்டி சுவரில் சாய்ந்துவிடுகிறது. போன ஆண்டு படிப்பை முடித்த ஒரு பெண்ணின் சைக்கிள் இப்போது ஆட்டுக்குட்டி கட்டும் தூணாக இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

எனக்கு மூன்றரை ஆண்டுப் பயிற்சி வேண்டாம். ஒரு பிள்ளை, முடிந்தால் ஒரு பெண், பஞ்சர், பிரேக் கட்டை, கேபிள், செயின், இந்த நான்கையும் கற்றுக்கொண்டால் எங்கள் மூன்று ஊருக்கும் போதும். அவளுக்கு யாராவது ஒரு சான்று தந்தால், வீட்டில் அவளை இந்த வேலை செய்ய விடுவார்கள். காகிதம் வேண்டும் என்பது அதற்குத்தான். மெக்கானிக்குக்கு அது வேண்டியிருக்காது. மெக்கானிக்கின் அப்பாவுக்கு வேண்டும்.

ஏற்காட்டு ஏற்றம் | செவ்வாய், மாலை 6.02

டீச்சர், கடைசி இரண்டு வரி எங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

பேட்டைக் கடைக்காரர் | செவ்வாய், இரவு 9.30

டீச்சரம்மா, நான்கும் நான்கு நாள் வேலை. நானே வந்து சொல்லித் தருகிறேன். வியாழக்கிழமை எனக்குக் கடை விடுமுறை. நான்கு வியாழன் வருகிறேன். குப்பனூர் வழி பஸ்ஸில் வந்தால் உங்கள் பள்ளிக்குப் பக்கம் என்று நினைக்கிறேன், எந்த நிறுத்தம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஒருத்திக்கு மட்டும் என்று வேண்டாம். நான்கு பேரை உட்கார வையுங்கள். நால்வரில் ஒருத்தி கட்டாயம் தேறுவாள், மற்றவர்கள் தங்கள் வண்டியையாவது பார்த்துக்கொள்வார்கள்.

ஏற்காட்டு ஏற்றம் தம்பி, உங்கள் அண்ணன் மகனை ஞாயிறு காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள். ஃபிட்டர் படித்தவனுக்கு அரம் பிடிக்கவும் மரை பார்க்கவும் தெரிந்திருக்கும், முதல் வருட வேலையில் பாதி மிச்சம். சம்பளம் பேசிக்கொள்வோம். நாங்கள் சிறுவனாக இருந்தபோது வெறும் சாப்பாட்டுக்கு வேலை செய்தோம். அது எனக்கு அன்றே பிடிக்காது. இவனுக்கு அப்படி வேண்டாம்.

ஐந்து ரோடு | செவ்வாய், இரவு 10.05

அண்ணா, டிஸ்க் பிரேக் காற்று நீக்கும் சிரிஞ்சு செட் என்னிடம் இருக்கிறது, மினரல் ஆயிலுக்கு ஒன்று, டாட்டுக்கு ஒன்று. வீடியோ பார்த்து என் வண்டிக்குப் பலமுறை செய்திருக்கிறேன். ஞாயிறு நானும் வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் எனக்கு அந்தச் சாக்பீஸ் முறையைக் காட்டுங்கள்.

பேட்டைக் கடைக்காரர் | செவ்வாய், இரவு 10.11

வாருங்கள் தம்பி. ஆறரைக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம்.

ஏற்காட்டு ஏற்றம் | ஞாயிறு, இரவு 8.40

இழையைத் தொடர்ந்தவர்களுக்காக இன்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் அண்ணனே தன் வண்டியில் பையனைக் கொண்டுவந்து விட்டார். கடைக்குள் வரவில்லை. எதிர் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பையனிடம் முதலில் ஒரு முன் ஹப்பைக் கொடுத்தார். பிரித்து, குண்டுகளை எண்ணி வைத்து, கழுவி, கிரீஸ் போட்டுப் பூட்டச் சொன்னார். பையன் மூன்று முறை பூட்டினான். மூன்று முறையும் அவர் அச்சைச் சுழற்றிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நான்காவது முறை பையன் கொடுப்பதற்கு முன்பு தானே சுழற்றிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு, "இன்னும் இறுக்கம் அண்ணா" என்று அவனே திருப்பி எடுத்துக்கொண்டான். அப்போதுதான் கடைக்காரர் சிரித்தார்.

என் பிரேக்கையும் அங்கேயே பிரித்தோம். புது சீல் கிடைக்கவில்லை, முழு பிரேக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. புது பிரேக்குக்கு ஐந்து ரோடு தம்பி சிரிஞ்சைப் பிடிக்க, கடைக்காரர் மினரல் ஆயிலை ஏற்றினார். குமிழி வருவது நின்ற பிறகும் தகட்டைக் கவ்வும் காலிப்பரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் நான்கு குமிழிகள் வந்தன. தட்ட வேண்டும் என்பது வீடியோவில் இல்லை என்றார் தம்பி. வெங்காய மூட்டையைத் தட்டி அமர்த்துவது போலத்தானே என்றார் அவர்.

பிறகு நகோயா நண்பர் சொன்னதை அவர் மறக்காமல் வைத்திருந்தது தெரிந்தது. மகள் அச்சடித்துக் கொடுத்த சிறு அட்டை ஒன்றை எடுத்தார். தேதி, வண்டி, செய்த வேலை, ஊற்றிய ஆயில், இறுக்கிய அளவு, செய்தவர் கையெழுத்து என்று ஆறு வரிகள். "மினரல்" என்று பெரிதாக எழுதி, என் சீட்டுக்குக் கீழே கம்பியால் கட்டினார். இனி கடையிலிருந்து பிரேக் வேலை முடிந்து போகும் எல்லா வண்டிக்கும் அட்டை உண்டாம். அவர் பெயரோடு வரும் என்பதால் இரண்டாம் முறை பார்க்காமல் வண்டியை வெளியே விட மாட்டாராம். ஹப் வேலை செய்த வண்டிக்கும் அட்டை எழுதினார். அதில் செய்தவர் வரியில் பையன் பெயர், பக்கத்தில் பார்த்தவர் என்று அவர் கையெழுத்து.

மதியம் கிளம்பும்போது அண்ணன் உள்ளே வந்து அந்த அட்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மரையும் திருகும் | ஞாயிறு, இரவு 9.15

அந்த அட்டையின் படம் ஒன்றை அனுப்புங்கள். மனுவோடு இணைக்கிறேன். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். இந்த வாரம் எத்தனை கடைக்காரர்கள் கையெழுத்திடுவார்கள்?

பேட்டைக் கடைக்காரர் | ஞாயிறு, இரவு 10.20

பேட்டையில் ஏழு பேர் சரி என்றார்கள். பிரேம் ஒட்டுகிறவரும் ஒருவர். அம்மாப்பேட்டைப் பக்கம் புதன்கிழமை போய்க் கேட்கிறேன்.

டீச்சரம்மா, வியாழன் முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒட்டுப்போடும் ரப்பர், சொலூஷன், உப்புத்தாள், இரண்டு பம்பு, பிரேக் கட்டை பன்னிரண்டு ஜோடி, கேபிள் ஒரு கட்டு எல்லாம் நான் கொண்டுவருகிறேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் மட்டும் வையுங்கள். அந்த ஆட்டுக்குட்டி கட்டிய சைக்கிளையும் கொண்டுவரச் சொல்லுங்கள், முதல் பாடம் அதில்தான்.